மைனி மறைக்காத கீரை

மைனி,

காலையில் பக்கத்து வீட்டு மதில் மேலாக ஒரு கொப்பு முருங்கைக்கீரை வந்தது. உருவி முடித்து வெகுநேரமாகியும் விரலில் அந்தப் பச்சை வாசம் போகவில்லை. உங்களை நினைக்க எனக்கு வேறென்ன வேண்டும்?

திருவனந்தபுரத்தில் நெஞ்சைத் திறந்து நீங்கள் வால்வு மாற்றிக்கொண்டு வந்த வருடம் அது. செயற்கை வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க மாதாமாதம் நாகர்கோவிலில் டெஸ்ட். நம்பர் ஏறினால் எங்கேயாவது ரத்தம் கசியும். இறங்கினால் வால்வு அடைபடும். கீரை அந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்று தெரிந்ததும் உங்களைக் கட்டிய என் அண்ணன் வீட்டில் கீரைக்கே தடை போட்டுவிட்டான். உங்களுக்கோ தேங்காய்ப்பூ போட்ட கீரைத் துவரன் இல்லாமல் சோறு இறங்காது.

ஒருமுறை நானும் துணைக்கு வந்தேன். ரத்தம் கொடுக்கும் வரிசையில், கீரிப்பாறை எஸ்டேட்டில் இருந்து வந்த அக்கா ஒருத்தி உங்களுக்கு உபதேசம் செய்தாள்.

"டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னால கீரையத் தொடாதீங்க மக்கா. நம்பர் சரியா வந்திரும். பொறவு இஷ்டம் போல திங்கலாம்லா."

வரிசையே தலையாட்டியது. நீங்கள் சிரித்தீர்கள். "அந்த ஒரு வாரத்தப் பாத்து மாத்திரை எழுதித் தந்துட்டா, மிச்ச நாளுக்கு யாரு பதில் சொல்லுவா?"

அன்று உங்கள் நம்பர் இறங்கிக் கிடந்தது. டாக்டர் முகம் இறுகிவிட்டது. கீரை சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டான். "கீரை வீட்டுக்குள்ளயே வராது டாக்டர்."

"வருது டாக்டர். இவியளுக்குத் தெரியாம நாந்தான் வச்சுத் திங்கேன்" என்றீர்கள் நீங்கள். "விடச் சொன்னா இங்க தலையாட்டிட்டு, வீட்ல போயி திம்பேன். அதனால, கீரை திங்கிறவளுக்கு எவ்வளவு மாத்திரை வேணும்னு சொல்லுங்க."

டாக்டர் உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். சாப்பிடலாம், ஆனால் தினமும் ஒரே அளவு, கூடவும் கூடாது குறையவும் கூடாது என்றார். அந்த அளவுக்கு ஏற்ப மாத்திரையை மாற்றி, அடுத்த வாரமே மறுபடி வரச் சொன்னார்.

அதன் பிறகு நீங்கள் இருந்த இருப்பை என்னவென்று சொல்ல! கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அந்த ஒரு பிடிக்கு மேல் கை நீளாது. காய்ச்சலுக்கு வேறு மாத்திரை தந்தால், நம்பர் மாறிவிடும் என்று தவணைக்குக் காத்திராமல் டெஸ்டுக்குப் போய் நிற்பீர்கள். எத்தனை பிடிவாதமோ அத்தனை ஒழுங்கு. உங்களைக் கொண்டுபோனது வேறு நோய். அந்த வால்வு கடைசிவரை அடைபடவே இல்லை.

இப்போது அண்ணனுக்கும் அதே மாத்திரை, இதயத் துடிப்பு தாளம் தப்புகிறது என்று. போன வாரம் அவனுடைய நம்பர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். வழக்கம்போல 'இல்லை' வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"மூட்டுவலிக்கு ஆயுர்வேத வைத்தியசாலைக் கஷாயம் குடிக்கேன் டாக்டர். இவளுக்குக்கூடத் தெரியாது" என்றான்.

டாக்டர் உடனே கஷாயத்தை நிறுத்தினார். மாத்திரையையும் மாற்றி எழுதினார். வெளியே வந்ததும் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"உங்க மைனி பக்கத்துல இருந்த மாதிரி இருந்துச்சுட்டி" என்றான்.