என் பை என்னிடம்தான் இருக்கிறது

மார்ச் 3, திங்கள்

இன்று துப்புரவுப் பணியாளர்கள் முப்பது பேருக்கு வகுப்பு. ரயிலில் கேட்பாரற்றுக் கிடக்கும் பையைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று பத்து வருடமாக அதே பாட்டைப் பாடுகிறேன். அலுவலகம் கொடுத்த மாதிரிப் பொருள் ஓர் அட்டைப் பெட்டி. அதைப் பார்த்தால் யாருக்குப் பயம் வரும்? அதனால் நானே ஒன்று செய்து வைத்திருக்கிறேன். என் பழைய கறுப்புத் தோள்பை, உள்ளே ஒரு மேஜைக் கடிகாரம், சிவப்பும் நீலமுமாக ஒயர், காகிதத்தில் சுற்றிய துணிசோப்பு இரண்டு கட்டி. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. ஜிப்பைத் திறந்து காட்டும்போது வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

ஒளித்து வைத்த மாதிரி இருக்கிறதா, பார்த்தவுடன் உறுத்துகிறதா, அந்த இடத்தில் வழக்கமாக விட்டுப்போகும் பொருள்தானா? சந்தேகம் வந்தால் தொடாதே, ஆட்களை விலக்கு, தள்ளிப் போய்த் தகவல் சொல்.

"சார், சோப்பு வாசனை இங்க வரைக்கும் வருது. குண்டு வெச்சவன் ரொம்ப சுத்தக்காரன் போல," என்றார் மூன்றாம் பெட்டி அக்கா. கடைசி நிலையத்தில் எப்போதும் மூன்றாவது பெட்டியைச் சுத்தம் செய்வதால் அவருக்கு அந்தப் பெயர். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடமானது. வாய்தான் அப்படி, கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னது அவர் ஒருவர்தான்.

மார்ச் 5, புதன்

எழுதினால் மனசு அடங்குமா, பார்க்கலாம்.

வகுப்பை முடித்துவிட்டு ஒன்றேகால் மணி ரயிலில் வந்தேன். வீட்டுப் படி ஏறும்போதுதான் தோளில் ஒன்றும் இல்லை என்று உறைத்தது. பை — சீட்டுக்கு அடியில். நானே வைத்தேன், நானே மறந்தேன். திரும்பி ஓடுவதற்குள் மேலதிகாரியின் போன். கடைசி நிலையத்தில் ஒரு பை, உள்ளே ஒயர், ஆட்களை வெளியேற்றியாகிவிட்டது, எல்லா ரயிலையும் நிறுத்தியாகிவிட்டது.

"அந்த மூணாம் பெட்டி அம்மா கையிலயே தூக்கிட்டு வந்திருக்கு. சாரோட வகுப்புப் பைன்னு சாதிக்குது. உங்களுதா?"

"இல்ல சார். என் பை என்கிட்டதான் இருக்கு."

ஏன் சொன்னேன்? எல்லா ரயிலும் நிற்கிறது என்று கேட்டதும் வாய் முந்திக்கொண்டது. இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாமே! சொல்லல. போனைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன், மூணு மணி நேரம். கடைசியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பையைச் சிதறடித்தார்களாம்.

மார்ச் 6, வியாழன்

அக்காவைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

அந்தப் பெட்டியின் கேமரா போன மாதமே கெட்டுப்போயிருக்கிறது. கேட்டதும் உள்ளுக்குள் ஓர் 'அப்பாடா'. அதை நினைத்தால் என் மேல் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

போலீஸ் அக்காவை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்ததாம். ஏன் தொட்டாய், யார் சொல்லித் தொட்டாய், சம்பந்தமில்லாதவர் பெயரை ஏன் இழுக்கிறாய்? அலுவலகத்தில் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை, கத்தவும் முடியாது.

மார்ச் 8, சனி

"திங்கக்கிழமை விசாரணைக்கு உங்க பையைக் கொண்டு வந்துருங்க. ஒரு தடவை காட்டிட்டா முடிஞ்சுது," என்றார் மேலதிகாரி. எந்தப் பையைக் காட்டுவது?

கடைத்தெருவில் பாதி நாள் அலைந்தேன். அதே மாதிரிக் கறுப்புப் பை, கடிகாரம், ஒயர், சோப்பு. பை புத்தம் புதிதாகப் பளபளத்தது. பழசாக்குவதற்காக அதை மாடிப்படியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப ஊருக்குத்தான் உபதேசமா?" பிறகு, "அந்தம்மா வீட்ல யார் யார் இருக்காங்க?"

"தெரியாது."

"இத்தனை வருஷமா பாக்கறீங்க, அதுகூடத் தெரியாதா?" படியில் கிடந்த ஒயரை ஓரமாகத் தள்ளினாள். "இப்ப உண்மையைச் சொன்னா உங்களை என்ன செய்வாங்க?"

"வேலை போகலாம். கேஸும் வரலாம்."

பையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். உள்பக்கம் தொங்கிய விலைச்சீட்டைப் பிய்த்து என் கையில் கொடுத்தாள். "இதையாவது பாத்திருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இப்போது அவளையும் இதற்குள் இழுத்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

மூன்று அதிகாரிகள், நீள மேஜை, எதிரே அக்கா. என் பையை மேஜையில் வைத்துத் திறந்து காட்டினேன்.

"பாத்துக்கிட்டீங்களாம்மா? அவர் பை அவர்கிட்டயே இருக்கு," என்றார் ஓர் அதிகாரி.

அக்கா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே படிக்கட்டுப் பக்கம் எனக்காகக் காத்திருந்தார். அறையப்போகிறார் என்றே நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை.

"சார், உங்க பேரைத் தேவையில்லாம இழுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க. சத்தியமா அந்த சோப்பு வாசனைகூட வந்துச்சு சார். ஆனா நீங்க இல்லைன்னா இல்லதான். என் தங்கச்சியும் அதான் சொல்றா, உனக்குப் பிரமைன்னு. யாராவது டாக்டர்கிட்ட காட்டணும் போல."

நான் என்ன சொன்னேன்? "உடம்பைப் பாத்துக்குங்க" என்றேன். அதைத்தான் சொன்னேன்! நான் மனுஷனா?

மார்ச் 11, செவ்வாய்

'கேட்பாரற்ற பொருட்களைக் கண்டால்' என்று ரயிலில் அறிவிப்பு வந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கிப் பெட்டி மாறினேன். அங்கேயும் ஒலிபெருக்கி இருந்தது.

மார்ச் 12, புதன்

"பயிற்சி எடுத்தும் அந்தம்மா ஏன் தொட்டுதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள கருத்து எழுதிக் குடுங்க. பாடம் மனசுல பதியலன்னு ரெண்டு வரி போதும். வேலையை விட்டு எடுத்துடலாம்," என்றார் மேலதிகாரி.

இரண்டே வரிதான். எழுதினால் அக்காவின் வேலை போகும். எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். ஆப்பைப் பிடுங்கிய குரங்கு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

பாடம் பதியவில்லையாம்! 'உரியவர் யாரென்று தெரிந்தால் அது கேட்பாரற்ற பை அல்ல, அவரிடம் சேர்த்துவிடு.' ஒவ்வொரு வகுப்பிலும் நான் சொல்வதுதான் இது. முப்பது பேரில் அதை அப்படியே செய்தவர் அவர் ஒருவர். அவரைப் பிரமை பிடித்தவர் ஆக்கியது நான்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் எழுதி முடித்தேன். முதல் வரி, 'அந்தப் பை என்னுடையது.' அதற்குப் பிறகு கை நிற்கவில்லை.

மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். "எல்லாம் 'மறதியால் நேர்ந்தது'ன்னு எழுதியிருக்கீங்க. பையை விட்டது மறதி. போன்ல சொன்னதுக்கு என்ன பேரு?"

அடித்துவிட்டுப் 'பொய்' என்று எழுதினேன். இரண்டாவது பை எப்படி வந்தது என்பதையும் சேர்த்தேன். பத்து மணிக்குக் கொடுத்தேன். மேலதிகாரி உட்காரச் சொல்லவில்லை. பயம் இருக்கத்தான் செய்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

எழுதி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. இனி எனக்கு வகுப்பு கிடையாது. சம்பளம் குறைத்து, கடைசி நிலையத்தில் தவறவிட்ட பொருள் அறையில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறை, அலமாரி நிறையக் குடைகள். வழக்கு என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை.

அக்கா இந்த வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார். மன்னிப்புக் கேட்டு இரண்டு கடிதம் அனுப்பியிருந்தேன், பதில் இல்லை. இன்று அவரே ஒரு பையுடன் வந்தார். சோதனை முடிந்த பைதான். மற்றவர்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் நின்றார்.

"வெச்சுட்டுப் போங்கக்கா. நான் எழுதிக்கறேன்."

"வேணாம். திறங்க. என் கண்ணு முன்னாடி எழுதுங்க. அப்புறம் நான் குடுக்கவே இல்லைன்னு சொல்வீங்க."

திறந்தேன். துண்டு ஒன்று, சாப்பாட்டு டப்பா ஒன்று, மூக்குக் கண்ணாடி ஒன்று. பாதி பிஸ்கட் பாக்கெட்டைக்கூட எழுதச் சொன்னார். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.