ஆளில்லாத தேர்வறை

என் பிரியமான பழனியம்மாளுக்கு,

நீ கண்மூடி ஒரு வருஷம் முடிந்துவிட்டது. மலைமேல் வாழவந்தி நாட்டில் உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். இந்த முறை மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது. உன் மகள் காவ்யா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். சேலத்தில் நர்சிங் சேரப் போகிறாள். இவற்றையெல்லாம் தாண்டி உன்னிடம் சொல்ல இன்னொரு சேதி இருக்கிறது. நம் கல்லூரியில் நடந்தது.

நாம் இறுதியாண்டு படித்தபோது எழுதிய கணக்கு இன்டர்னல் தேர்வு உனக்கு நினைவிருக்கும். கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் வெளியே போய்விடுவார். கண்காணிக்க ஆள் கிடையாது. கடைசிப் பக்கத்தில் 'நேர்மையாக எழுதினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். காலை ஜெபத்தில் கேட்ட உண்மை, நம்பிக்கை என்கிற சொற்களுக்கு நம் கல்லூரி கொடுத்த அர்த்தம் அது.

அன்றைக்கு என் துப்பட்டாவுக்குள் ஒரு பிட் இருந்தது. பார்த்து எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். சேந்தமங்கலம் சபையில் என் அப்பா உபதேசியார். வேதத்தைக் கேட்டே வளர்ந்தவள் நான்.

ஹாஸ்டல் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது நீ மெதுவாகக் கேட்டாய். "எஸ்தரு, நீ பாத்து எழுதுனயா?"

"யாரும் பாக்கல."

"நான் பாத்தனே."

"அப்ப போய்ச் சொல்லிக் குடு."

"நான் எதுக்குச் சொல்றேன்? நீதான் சொல்லோணும். தனியாப் போகப் பயமா இருந்தாச் சொல்லு, நானும் கூட வாரேன்."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. உன்மேல் அத்தனை கோபம். இவளுக்கு என்ன வந்தது, ஜெபத்தில்கூட கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவள்தானே என்றெல்லாம் நினைத்தேன். அதை இன்றைக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் நானே உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். நீ வாசலில் நின்றாய்.

பிரின்சிபால் அம்மா திட்டவில்லை. அந்தத் தாளுக்குப் பூஜ்யம் போட்டார். "அப்பாகிட்டயும் நீயே சொல்லிடு" என்றார். நான் அழுதுகொண்டே திரும்பும்போது, "அடுத்த தேர்வும் ஆளில்லாமதான் நடக்கும். நீயும் அதே அறையிலதான் எழுதுவ" என்றார். திருடியவள் என்று தெரிந்தபின்னும் அந்த அறையில் எனக்கு இடம் இருந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் பார்த்து எழுதவில்லை.

இப்போது அதே கல்லூரியில் கணக்குத் துறைக்கு நான் தலைவர். போன மாதம் மூன்று மாணவிகள் செல்போனில் விடைகளைப் படம் எடுத்து வைத்து எழுதிவிட்டார்கள். ஸ்டாஃப் மீட்டிங்கில் பெரும்பாலோர் கேமரா வைக்கச் சொன்னார்கள். "காலம் மாறிப் போச்சுங்க மேடம். இந்தப் புள்ளைங்கள நம்பி எப்படீங்க விடறது?" என்றார் பக்கத்தில் இருந்தவர். தீர்மானத்தில் என் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள்.

இருபது வருஷமாக வெளியே சொல்லாததை எழுந்து நின்று சொன்னேன். பிட், துப்பட்டா, பூஜ்யம், உன் பெயர், எல்லாம். என்னிடமே படித்துவிட்டு இப்போது எங்களோடு வேலை செய்யும் பெண், "மேடம், நீங்களா?" என்று கேட்டாள். "நானேதான்" என்றேன்.

மூவருக்கும் பூஜ்யம் என்று முடிவானது. கேமரா வேண்டாம், செல்போன் வெளியே இருக்கட்டும், தேர்வு பழையபடியே ஆளில்லாமல் நடக்கட்டும் என்றும் முடிவானது. ஆசிரியர்களில் இரண்டு பேர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசுவார்கள்.

போன வாரம் மறுபடி தேர்வு. தாள்களைக் கொடுத்துவிட்டுச் சில்வர் ஓக் மரங்கள் வரை நடந்துபோய் நின்றேன். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்க்கவில்லை. மூவரில் ஒருத்தி, அரியூர் நாட்டுப் பெண், பாதி வெற்றாக இருந்த தாளைக் கொடுத்தாள். "இவ்வளவுதானுங்க மேடம் தெரிஞ்சுது" என்றாள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருந்தது. அவள் பாஸாகவில்லை. ஆனாலும் அன்று நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காவ்யாவிடம் இதைச் சொன்னேன். "அம்மா ஒரு நாளும் சொன்னதில்லீங்க பெரியம்மா" என்றாள். பெற்ற மகளிடம்கூடவா சொல்லாமல் இருந்தாய், பழனி? அத்தனை வருஷமும் என் மானத்தை நீ எங்கே வைத்துக் காத்தாய்?

இனி நீ காக்க வேண்டாம். ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம், யாரோ ஒரு மாணவியின் கதை என்று மறைக்காமல், என் பெயரையும் உன் பெயரையும் சொல்லி இதைச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப் பிறக்காத அக்காவும்
உன் மகளுக்குப் பெரியம்மாவுமான
எஸ்தர்