கைதட்டக் கூடாத பாட்டு

அன்புள்ள வாயாடிக்கு,

போனில் நாம் இருவரும் 'ம்' மட்டும் கொட்டுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். உன் அம்மா வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லாம் அப்படியேதான். தொட்டில் வந்த பெட்டியை நான் பிரிக்கவில்லை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

நீ வாங்கி வைத்த டிக்கெட் வீணாகக் கூடாதென்று நேற்று நம் பாட்டுக்காரரின் கச்சேரிக்குப் போனேன். சின்ன அறை. மைக் இல்லை, ஒரு கிதார் மட்டும்தான். உன் நாற்காலியில் குடையை வைத்தேன். முன்பெல்லாம் முதல் பாட்டுக்கே எனக்குக் கண் கலங்கிவிடும், நீ கேலி செய்வாய். நேற்று மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அந்தத் தாலாட்டு. உன் வயிற்றில் ஹெட்போனை வைத்துத் தினமும் போட்டோமே, அதுதான். பாடுவதற்கு முன் வழக்கமாகச் சொல்லும் வேடிக்கையைச் சொன்னார்: "இதுக்கு மட்டும் யாரும் கைதட்டாதீங்க. குழந்தை முழிச்சுக்கும். முழிச்சா, தட்டினவங்கதான் தூக்கி வெச்சுக்கணும்."

பாட்டு முடிந்தது. யாரும் மூச்சு விடவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் பலமாகக் கைதட்டினான். யார் இந்த அறிவுகெட்டவன் என்று நானும் தேடினேன். முன்வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"எழுப்பிட்டீங்களே சார்! இனி நீங்கதான் தூக்கணும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீடு வந்து சேரும்வரை இந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உன்
உம்மணாமூஞ்சி