தாருக்கு அடியில் கிடந்த தண்டவாளம்

அன்புள்ள வாயாடிக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கல்லுக்குண்டாய் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் விஷயம்: கடை இடிபடாது. படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று போனில் அழுதாயே, கட்டிய பெட்டியை அவிழ்த்து வை. எப்படி என்று பொறுமையாகச் சொல்கிறேன், பொறுமை எனக்கு எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும்.

நம் தெருவில் மறுபடி டிராம் விடப்போகிறார்கள், பாதைக்கு வரைபடம் போட்டவன் நான்தான். தெருவோ குறுகல், நடுவில் குடிநீர்க் குழாய் போவதாக ஆபீஸ் படம் சொன்னது, அதனால் பாதையை ஓரமாகத் தள்ளினேன், ஓரத்தில் நம் சைக்கிள் கடையின் முன்பாதி மாட்டிக்கொண்டது. உன் அப்பா கண்ணை மூடிய பிறகு அந்தக் கடையில் பஞ்சர் ஒட்டித்தான் உன் அம்மா என்னை இன்ஜினியர் ஆக்கினாள். அந்தப் படிப்பை வைத்து அவள் கடைமேலேயே கோடு போட்டேன். படத்தைக் காட்டினால், ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, தம்பி, எனக்காகக் கோட்ட வளைக்காத, எதிர்க்கடைக்காரன் வயித்துல அடிச்சுட்டு நான் பஞ்சர் ஒட்டணுமா, ஊர் காறித் துப்பும் என்றாள். எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

போன செவ்வாய் நடுத்தெருவில் குழாயைத் தேடிக் குழி தோண்டினோம். கடப்பாறை ணங்கென்றது. குழாய் இல்லை, தண்டவாளம்! ஒரு காலத்தில் ஓடிய டிராமை, கார்தான் இனி நாகரிகம் என்று என்னைப் போல் படித்தவர்களே நிறுத்தினார்கள், நாம் இத்தனை வருஷம் புகையை விழுங்கிக்கொண்டு நெரிசலில் நின்றோம். தண்டவாளத்தைப் பிடுங்கியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நம்பினோம். எவனோ ஒரு சோம்பேறி பிடுங்காமல் மேலேயே தாரை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான். என் வாழ்க்கையில் நான் கும்பிடும் ஒரே சோம்பேறி அவன்தான்! இரும்பு அங்கே கிடந்ததால் பின்னால் வந்த குழாய்க்காரர்கள் தோண்ட முடியாமல் ஓரமாகப் போயிருக்கிறார்கள். பழைய இரும்பு துரு, புதிதாகத்தான் போட வேண்டும், ஆனால் நடுத்தெரு காலி. பாதை நடுவிலேயே போகிறது, யார் கடையும் போகவில்லை, மேலதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஓடிப்போய் உன் அம்மாவிடம் சொன்னேன். சரி, எல்லாரும் டிராம்ல போயிட்டா எனக்கு யார் வருவா, நிறுத்தத்துக்குப் பக்கத்துல சைக்கிள் விட இடம் போடு என்று அதட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மறுபடி என் பக்கம் பார்த்தபோது முகமெல்லாம் கிரீஸ். கழுவாத கையால் கண்ணைத் துடைத்திருக்கிறாள். வரைபடத்தில் இடம் போட்டாயிற்று, அது எல்லோருக்கும் உபயோகம், சலுகை இல்லை.

ஒழுங்காகப் படி. உன் சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், மாற்று, பஞ்சர்க்காரி மகள் பிரேக் இல்லாமல் விழுந்தால் நமக்குத்தான் கேவலம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். நீ நினைத்ததெல்லாம் கைகூடி நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். தண்டவாளத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன், வாசல் பக்கம் அழகுக்கு வைக்கலாம் என்று. உன் அம்மா அதைக் கடைக்குள் இழுத்துப் போட்டு, கோணிப்போன பெடல்களை அதன்மேல் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறாள். இதை எழுதும்போதும் காதில் அந்தச் சத்தம்தான்.

என்றும் உன் நலம் நாடும்
சித்தப்பா