பெட்டியில் இடமில்லாத கத்தி

என் பெரியவனுக்கு அம்மா எழுதறது. நான் இருக்கேன், முட்டிவலியும் கூடவே இருக்கு, அது என்னை விட்டுட்டு எங்க போகப்போகுது. நீயும் மருமகளும் குட்டியும் நோய்நொடி இல்லாம இருக்கீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன்ல சொல்லியிருக்கலாம், ஆனா நீ சரிம்மா சரிம்மான்னு அவசரப்படுவே, ரெண்டு பேரும் பாதியில வெச்சுடுவோம். அப்பாவோட சிநேகிதர் தையல்காரர் உன் நம்பரை யார்கிட்டயோ வாங்கியிருக்கார்னு கேள்விப்பட்டேன். அவர் வாயிலேர்ந்து காதுல விழறதுக்கு முன்னாடி என்கிட்டேர்ந்து உனக்குத் தெரியணும், அதுக்குத்தான் இவ்வளவு எழுதறேன், பொறுமையா படி.

அப்பாவோட கத்திக் கூட்டம்தான் உனக்குத் தெரியுமே. மடக்குக் கத்தியைத் தேடித்தேடி சேத்து, எண்ணெய் போட்டு, துணியில சுத்தி, பச்சைக் குழந்தை மாதிரி எடுத்துக் காட்டிப்பாங்க. வீடு நிறைய கத்தி இருந்தும் ஒரு வெங்காயம் நறுக்கித் தர ஆள் இல்லன்னு நான் திட்டாத நாள் கிடையாது. அவங்கள்ல யாராவது போயிட்டா அவரோட ஆசைக் கத்தி ஒண்ணை, கூட்டத்துல இருக்கற தச்சர் செஞ்ச பெட்டியில வெப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பெட்டியைத் திறப்பாங்க. பேர் சொல்றது, போட்டோ வெக்கறது எதுவும் கிடையாது. எல்லாரும் கண்ணை மூடிக்க, தச்சர் ஒவ்வொரு கத்தியா விரிச்சு மடக்குவார். அந்தச் சத்தத்தை வெச்சே இது கணக்கு வாத்தியார், இது சைக்கிள் கடைக்காரர், இது தையல்காரரோட தம்பின்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும். ஒரே கம்பெனி கத்தியா இருந்தாலும் சத்தம் ஆளுக்கு ஆள் மாறும்னு அப்பா சொல்லுவார், நான் சிரிப்பேன். போன வருஷம் அப்பா போனதும் தேன் நிறப் பிடி போட்ட அந்தக் கத்தியை நானே என் கையால பெட்டியில வெச்சேன். நீ முதல் சம்பளத்துல பழைய சாமான் கடையில வாங்கித் தந்தியே, அதேதான். சட்டைப் பையில அது இல்லாம உங்கப்பா வாசலைத் தாண்டினதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தச்சரோட பட்டறையில பெட்டியைத் திறந்தாங்க. கூட்டத்துல இப்ப உயிரோட மிஞ்சினது தச்சரும் தையல்காரரும் மட்டும்தான். அப்பா சத்தம் முதல் தடவையா கேக்கப்போகுது நீங்க வாங்கன்னு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. மூடியைத் தூக்கினதும் குப்புனு ஒரு நெடி, கற்பூரமும் புளிச்ச காடியும் கலந்த மாதிரி, கண்ணெல்லாம் எரிஞ்சுது. வாத்தியார் கத்தி விரியவே இல்லை. சைக்கிள் கடைக்காரரோடது தச்சர் அழுத்தினதும் ஸ்பிரிங் உடைஞ்சு மேஜைல விழுந்துது. தம்பியோடது முழுக்க பச்சையும் பழுப்புமா பொரிஞ்சு போயிருந்துது, தையல்காரர் நகத்தால சுரண்டிச் சுரண்டிப் பாத்தார், பாக்கவே முடியலடா. கடைசியா அப்பா கத்தியை எடுத்தாங்க. அது துருப்பிடிக்காத எஃகாம், ஒண்ணும் ஆகலை. டக்குனு விரிஞ்சுது, டக்குனு மடங்கிச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உங்கப்பா வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டறாப்ல இருந்துது. ஆனா பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் அந்தப் பிடியையே பாத்தாங்க.

தச்சர்தான் பிடியை மோந்து பாத்துட்டுச் சொன்னார். அது செல்லுலாய்டாம், அந்தக் காலத்து பிளாஸ்டிக். வயசாயிட்டா தானா உள்ளுக்குள்ள கெட்டுப்போய் கண்ணுக்குத் தெரியாத ஒரு புகையை விடுமாம், பக்கத்துல இருக்கற இரும்பை அந்தப் புகை தின்னுடுமாம். சட்டைப் பையில காத்தாட இருந்தவரைக்கும் தெரியலை. ஈரம் பட்டுடக்கூடாதேன்னு இவங்க மூடியைச் சுத்தி ரப்பர் பட்டை ஒட்டி, வருஷம் முழுக்கத் திறக்காம, அவ்வளவு பத்திரமா வெச்சாங்க பாரு, அந்தப் பத்திரம்தான் எல்லாத்தையும் சாப்பிட்டுடுச்சு. ஈரத்துக்குப் பயந்த அளவு இவங்க வேற எதுக்குமே பயந்ததில்லை. தையல்காரர் என்னைப் பாத்து, என் தம்பியை ரெண்டாவது தடவை சாகடிச்சிட்டீங்க, உங்க வீட்டுக்காரருக்கு இனிமே இந்தப் பெட்டியில இடம் கிடையாதுன்னுட்டார். தம்பி கத்தியை அந்தத் துருவோடயே பையில போட்டுக்கிட்டு எழுந்து போயிட்டார். எனக்குச் சுருக்குனு கோவம் வந்துது, ஆனா யார்மேல கோவப்படறது? தச்சர் பாவம், பிடியைப் பிச்சு எடுத்துட்டு வெறும் அலகை வேணா உள்ள வெக்கலாம், தையல்காரர்கிட்ட நான் பேசறேன்னார். பிடியை எடுத்தா சத்தம் மாறுமான்னு கேட்டேன். மாறும்மா, பிடியிலதான் சத்தமே இருக்குன்னார். வேண்டாம்னு சொல்லிட்டு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். நாப்பது வருஷமா அந்த மனுஷங்களோட உக்காந்திருந்தவரை ஒரே நிமிஷத்துல வெளிய கூட்டிக்கிட்டு வந்துட்டேன். பஸ்ல வரும்போது அதைத்தான் நினைச்சு நினைச்சு அழுதேன், கண்டக்டர் சீட்டு கேக்காமலே போயிட்டார்.

இதுல உன் தப்பு கடுகளவும் கிடையாது. தையல்காரர் போன் பண்ணி ஏதாவது கத்தினா கத்தட்டும், எதிர்த்துப் பேசாதே, தம்பியைப் பறிகொடுத்தவர். நீ உடனே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அவங்களுக்கு வேற கத்தி தேட ஆரம்பிச்சுடுவே, உன்னைத் தெரியாதா எனக்கு. அனுப்பாதே, புதுக் கத்தியில வாத்தியார் சத்தம் வருமா? அப்பாவோடதை ஜன்னல்ல தனியா வெச்சிருக்கேன். இரும்பு சாமான் எதுவும் கிட்ட இருக்கக்கூடாதுன்னு தச்சர் சொன்னதால தையல் மெஷினைக்கூட அடுத்த ரூமுக்குத் தள்ளிட்டேன். இனிமே அதுக்குத் துணை நான்தான்.

குட்டிக்கு என் முத்தம், மருமகளைக் குளிர்ல தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட வெளிய போகவேண்டாம்னு சொல்லு. நீங்க மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம நூறு வருஷம் இருக்கணும். ஒண்ணு மட்டும் மறந்துடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நான் ஹலோ சொல்ல மாட்டேன், போனை ஜன்னல்கிட்ட கொண்டுபோய் ஒரு தடவை விரிச்சு மடக்குவேன். நீ கண்ணை மூடிக்கோ. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.

உனக்காகவே இருக்கிற
அம்மா