கீழ்வீட்டுக்கும் ஒரு கிளாஸ் பால்

12.10.1994, புதன், எசன், ஜெர்மனி

இன்று புது வீட்டுக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு கைக்கு வந்தது. இவர் உணவகத்தில் கோப்பை கழுவி, நான் கந்தோர்களில் அதிகாரிகளின் மேசையும் தரையும் துடைத்துப் பிடித்த வீடு. படியிறங்கும்போது கீழ்வீட்டு ஜெர்மன்காரி மறித்தாள். “நீங்கள் சமைத்தால் கட்டடமே நாறும். வேறு இடம் பாருங்கள்” என்றாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ்ஸில், “வேண்டாமப்பா, பழைய அறையிலேயே இருப்பம்” என்றார். சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்த அறை அது. சின்னவளுக்கு இரவிரவாக மூச்சிழுப்பு.

“உங்களுக்கு ஏலாதெண்டால் நான் பிள்ளையளோட போறன்” என்றேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி என்னோடு நடந்தார். பிறகு, “பால் காய்ச்ச எந்தப் பானையைக் கொண்டுபோவம்?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காய்ச்சுவோம். பொங்கி வழியட்டும். கீழ்வீட்டுக்காரிக்கும் ஒரு கிளாஸ் கொண்டுபோவேன். வாங்காவிட்டால், அவள் வாசலில் நின்று நானே குடிப்பேன்.