கோடிச் சேலை வேண்டாம், மச்சான்

சக்குபள்ளம்,
1934, ஐப்பசி 12

மரியாதைக்குரிய மச்சான் ஆறுமுகசாமி அவர்களுக்கு, எஸ்டேட் கம்பவுண்டர் பிச்சைமணி வணங்கி எழுதுவது. உங்கள் தங்கை அழகுத்தாய் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறாள். கம்பத்தில் நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க மீனாட்சி துணை செய்யட்டும்.

என் போன கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் இவளுக்குப் பித்தப்பைக் கல்லை எடுக்க வயிற்றைத் திறந்தபோது, ஈரல் முழுக்கக் கடுகு சிந்தினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தனவாம். அதைக் கேட்டதுமே புற்றுநோய் பரவிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். கம்பவுண்டர் அல்லவா, அரைகுறைப் படிப்பு முந்திக்கொண்டது. நீங்கள் மலையேறி வர ஒரு நாள் ஆகுமே என்று, சாவுக்குப் போர்த்தும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லி எழுதிய பாவியும் நான்தான். நான் அப்படி எழுதியது தெரிந்ததும் அவள் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். "அண்ணே என்ன நெறத்துல எடுத்துச்சாம்?" என்று கேட்டாள்.

ஆபரேஷன் செய்த லேடி டாக்டர் என்னைப் போல அவசரப்படவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, ஈரலில் அரிசி அளவு சதையை எடுத்துச் சோதித்துப் பார்க்கச் சென்னைக்கு அனுப்பினார். பதில் வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளோ பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இவளுடைய தைரியம் எனக்குத் தெரியாமல் போயிற்றே, மச்சான்.

அது புற்று இல்லை. இவள் கருவில் உருவாகும்போதே ஈரலில் பித்தம் போகும் சிறு குழாய்கள் சில சரியாக அமையாமல் முடிச்சு முடிச்சாக நின்றுவிட்டனவாம். அவற்றால் தொந்தரவு இல்லை. பிற்காலத்தில் புற்றாக மாறுமா என்று கேட்டேன். மாறுவது மிக அபூர்வம், ஆனால் ஒருபோதும் மாறாது என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார் டாக்டர். வருஷம் ஒரு தடவை வரச் சொன்னார். கண் மஞ்சளித்தாலோ உடம்பு இளைத்தாலோ உடனே வர வேண்டும். பெற்ற மகளுக்கும் இருக்குமா என்று இவள்தான் கேட்டாள். அநேகமாக இராது, நிச்சயம் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

இந்தக் கடைசி இரண்டு வரிகளை நான் எழுதாமல் விட்டிருப்பேன். தை மாதம் எங்கள் மகள் மாரித்தாய்க்கும் உங்கள் மகன் பெரியமுத்துவுக்கும் பரிசம் போட இருக்கிறோமே, அந்தப் பயம். இவள் விடவில்லை. "அண்ணங்கிட்ட மறைச்சுப் பொண்ணக் குடுத்தா, பெறகு எந்த மொகத்தோட அந்த வாசல மிதிப்பேன்?" என்று சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத வைத்தாள். நான் கூனிக் குறுகிப் போனேன்.

இப்போது கேப்பைக்கூழ் குடிக்கிறாள். கார்த்திகைக்குள் ஏலக்காய் எடுக்கப் போவேன் என்று அடம் பிடிக்கிறாள்.

நீங்கள் என்ன முடிவு செய்தாலும் அண்ணன் அண்ணன்தான் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகையால் இது நான் எழுதுவது. பதில் கடிதம் போட வேண்டாம், மச்சான். தையில் பரிசத் தட்டோடு வந்துவிடுங்கள்.

உங்கள் அன்பை நம்பியிருக்கும்,
பிச்சைமணி